டார்க் ரெஞ்ச் சொல்வதை நம்பலாமா? பைக் வேலைக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்; டார்க் என்றால் திருகும் பலம்) அளப்பது ஒன்றை மட்டும்தான்: திருகும்போது போல்ட்டு எவ்வளவு எதிர்க்கிறது என்பதை. உள்ளே போல்ட்டு எவ்வளவு இழுபட்டு நிற்கிறது, இரண்டு பாகங்களை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திருகும் பலத்தில் சுமார் பாதி போல்ட்டுத் தலைக்கு அடியில் நடக்கும் உராய்விலும், இன்னொரு பெரும்பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் உண்மையான பிடிப்பாக மாறுகிறது. அதனால் ‘ரெஞ்ச் சரியில்லை’ என்று எடுத்தவுடன் முடிவு கட்ட வேண்டாம். முதலில் போல்ட்டு, அடுத்து கை, கடைசியில் ரெஞ்ச் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். முதல் இரண்டையும் சோதிக்கக் காசு செலவில்லை. பெரும்பாலான கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

எதையும் கழற்றுமுன்: எண், அலகு, அளவு

சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண் எந்த அலகில் இருக்கிறது, ரெஞ்சின் எந்த வரியில் நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல ரெஞ்சுகளில் நியூட்டன் மீட்டர் (இனி என்எம்), ஃபுட் பவுண்ட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பொறித்திருக்கும். 1 ஃபுட் பவுண்ட் என்பது 1.356 என்எம். 10 என்எம் வைக்க வேண்டிய இடத்தில் ஃபுட் பவுண்ட் வரியில் 10 வைத்தால் 13.6 என்எம் போகும். அலுமினியக் கேஸில் உள்ள எம்6 (மரை விட்டம் 6 மி.மீ.) போல்ட்டுக்கு அந்த 36 சதவீதம் கூடுதல் போதும், மரையோடு வெளியே வந்துவிடும். பழைய பைக் புத்தகங்களில் கேஜி-மீட்டர், கேஜி-சென்டிமீட்டர் என்றும் இருக்கும். 1 கேஜி-மீட்டர் 9.8 என்எம். 100 கேஜி-சென்டிமீட்டரும் அதே 9.8 என்எம்தான்.

அடுத்த பொறி ஸ்பேனர் நம்பர். பட்டறையில் ‘10 நம்பர் போல்ட்டு’ என்றால் 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டு என்று பொருள். அதன் மரை பெரும்பாலும் எம்6. அட்டவணையில் உள்ள ‘10 மி.மீ.’ மரையின் விட்டத்தைக் குறிக்கிறது. ஹோண்டா சர்வீஸ் புத்தகங்களின் பொது அட்டவணையில் சாதாரண 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 என்எம், 8 மி.மீ.க்கு 22, 10 மி.மீ.க்கு 34, 12 மி.மீ.க்கு 54 என்று இருக்கும். 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கிறதே என்று எம்6 போல்ட்டில் 34 என்எம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 12, 13 நம்பர் தலை பொதுவாக எம்8. 14, 17 நம்பர் தலை பொதுவாக எம்10. சந்தேகம் வந்தால் போல்ட்டைக் கழற்றி மரையின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

அறிகுறி: கிளிக் வரவே இல்லை, போல்ட்டு சுற்றிக்கொண்டே போகிறது

கிளிக் ரெஞ்ச், வைத்த அளவை எட்டியதும் ‘கிளிக்’ என்று விடுபட்டுச் சொல்லும். அது வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம், இப்போ வந்துடும்’ என்று நினைக்கும் அந்தக் கால் சுற்றில்தான் மரை போகிறது. நிறுத்திய பிறகு கை உணர்ந்ததை யோசித்துப் பாருங்கள். சுற்றச் சுற்ற எதிர்ப்பு ஏறிக்கொண்டே வந்ததா, அல்லது ஓரளவு ஏறி அப்படியே நின்றுவிட்டதா? ஏறாமல் நின்றிருந்தால் மரை கரைகிறது, அல்லது போல்ட்டு நீள்கிறது, ரெஞ்சில் குற்றமில்லை. போல்ட்டைக் கழற்றி மரையில் அலுமினியச் சுருள் ஒட்டியிருக்கிறதா, நடுவில் இடுப்பு சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பு ஏறிக்கொண்டே வந்தும் கிளிக் இல்லையென்றால் அடுத்த கேள்வி ரெஞ்சின் அளவெல்லை. கார் வீல் நட்டுக்கென்று விற்கும் 42 முதல் 210 என்எம் வரையிலான அரை இஞ்ச் ரெஞ்ச்தான் இந்த அறிகுறிக்கு முக்கியக் காரணம். அதன் கீழ் எல்லையை ஒட்டி வைத்தால் உள்ளே நடக்கும் விடுபடல் மிக மெல்லியதாக இருக்கும். கனமான அந்தக் கம்பியின் முனையில் இருக்கும் கைக்கு அது எட்டாது. பெங்களூர் ஓசூர் ரோட்டு இரைச்சலில் காதுக்கும் எட்டாது. கீழ் எல்லைக்கும் கீழே கைப்பிடியைச் சுழற்றி ‘சுமார் 20’ என்று வைப்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் ஸ்பிரிங்கில் அழுத்தமே இருக்காது, எண்ணுக்கும் பொருள் கிடையாது.

அந்த 42 எங்கிருந்து வருகிறது? 210இல் 20 சதவீதம் 42. டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789 சோதனை செய்யச் சொல்லும் புள்ளிகள் உச்ச அளவின் 20, 60, 100 சதவீதம். ஆகவே நேர்மையான தயாரிப்பாளர் ஸ்கேலை அங்கிருந்துதான் தொடங்குவார். அதற்கும் கீழே எண் பொறித்த ரெஞ்ச் கண்ணில் பட்டால், அந்தப் பகுதியை அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி: பைக்குக்கு இரண்டு ரெஞ்ச் வேண்டும். 5 முதல் 25 என்எம் வரை ஒன்று, 20 முதல் 100 வரை இன்னொன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதை வாங்குங்கள். ஆக்ஸில் நட்டை அனுபவமுள்ள கை ஓரளவு சரியாக முடுக்கிவிடும். எம்6 போல்ட்டில் கை ஏமாறும்.

இன்னும் இரண்டு சில்லறைக் காரணங்கள்: ராட்செட் நெம்புகோல் எதிர்த்திசையில் இருப்பது, ரெஞ்ச் ஒரு திசையில் மட்டும் அளக்கும் வகையாக இருப்பது. மலிவான கிளிக் ரெஞ்சுகளில் பல வலச்சுற்றில் மட்டுமே வேலை செய்யும். இடமரை நட்டில் அவற்றை நம்பக் கூடாது.

அறிகுறி: வைத்தவுடனேயே கிளிக்

ஏற்கெனவே இறுகிய நட்டில் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் வரும். ‘இந்த அளவாவது இறுகியிருக்கிறது’ என்பதற்குமேல் அந்தக் கிளிக் எதையும் சொல்வதில்லை. நின்றுபோன நட்டை மறுபடி நகர்த்த, ஓடிக்கொண்டிருக்கும் நட்டைவிட அதிக பலம் வேண்டும். அதனால் உள்ளே பிடிப்பு குறைவாக இருந்தாலும் கிளிக் வந்துவிடலாம்.

அவுட்டர் ரிங் ரோட்டில் பஞ்சர் ஒட்டிய கடையில் பின்சக்கர ஆக்ஸிலைக் குழாய் மாட்டி முடுக்கிவிட்டார்களோ என்ற சந்தேகத்தை இப்படித் தீர்க்கலாம். நட்டிலிருந்து ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) வரை மார்க்கரில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்தி, மரையைத் துடைத்து, செயின் தொய்வைச் சரிபார்த்து, சொன்ன அளவுக்கு மறுபடி முடுக்குங்கள். நட்டில் உள்ள கோடு பழைய இடத்துக்கு வருமுன்பே கிளிக் வந்தால் முன்பு அதிகம் முடுக்கியிருக்கிறார்கள். கோடு தாண்டிப் போனால் குறைவாக முடுக்கியிருக்கிறார்கள். கிளிக் வந்ததும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவது, மூன்றாவது கிளிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் நட்டைக் கொஞ்சம் நகர்த்தும். சிறிய அளவுகளில் அந்தக் கொஞ்சமே அதிகம்.

அறிகுறி: முதல் கிளிக் ஒரு மாதிரி, அடுத்தடுத்தது வேறு மாதிரி

வெகுநாள் பெட்டியில் கிடந்த ரெஞ்சில் உள்ளே கிரீஸ் ஒரே இடத்தில் தங்கிக் கெட்டியாகியிருக்கும். முதல் சில கிளிக்குகள் தாமதமாக, அதாவது அதிக டார்க்கில் வரும். வைஸில் ஒரு பெரிய போல்ட்டைப் பிடித்து, ரெஞ்சை அதன் உச்ச அளவில் வைத்து ஐந்து முறை கிளிக் செய்யுங்கள். அளவீட்டுக்கூடமும் சோதனைக்கு முன் இதைத்தான் செய்கிறது. பிறகு வேண்டிய அளவுக்கு இறக்குங்கள். இறக்கும்போது அதைத் தாண்டிக் கீழே போய், மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துவது நல்லது. திருகு மரையில் உள்ள சிறு ஆட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

ஐந்து முறைக்குப் பிறகும் தாறுமாறாகவோ தப்பாகவோ வந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. பொதுவாக இரண்டு வகை. வேலை முடிந்ததும் ஸ்கேலை இறக்காமல் மாதக்கணக்கில் 80, 100 என்று விட்டுவைத்த ரெஞ்சில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கிளிக் சீக்கிரம் வரும், நட்டு லூஸாக நிற்கும். மழையில் நனைந்த அல்லது கிரீஸ் வற்றிய ரெஞ்சில் உள்ளே உராய்வு கூடியிருக்கும். கிளிக் தாமதமாகும், நட்டு அதிகம் இறுகும். முதல் வகை ஒரே சீராகத் தவறும், இரண்டாவது முறைக்கு முறை மாறும்.

எப்போதும் ஸ்கேலின் கடைசிக் கீழ் எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே முழுவதும் கழற்றிவிடாதீர்கள். அழுத்தம் முழுக்கப் போனால் உள்ளே இருக்கும் சிறு கட்டை இடம் மாறி உட்காரக்கூடும். ஸ்பிரிங்கை அழுத்தி வைக்காமல் உள்ளே உள்ள கம்பியின் வளைவால் அளக்கும் ஸ்பிளிட் பீம் வகைக்கு மட்டும் இந்த இறக்கும் வேலை தேவையில்லை.

அறிகுறி: கிளிக் கேட்டது, மரையும் போனது

அலகும் அளவும் சரியென்றால் அடுத்த கேள்வி: மரையில் என்ன தடவியிருந்தீர்கள்? புத்தகத்தில் தனியாகச் சொல்லாவிட்டால் அதன் எண் சுத்தமான உலர்ந்த மரைக்கானது. ஒரு கணக்கு பார்ப்போம். 8.8 தரத்து (தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) எம்8 போல்ட்டை உலர்ந்த மரையில் 25 என்எம் முடுக்கினால் உள்ளே வரும் இழுவிசை சுமார் 15,600 நியூட்டன். அதே போல்ட்டில் ஆயில் தடவி அதே 25 என்எம் கொடுத்தால் சுமார் 20,800 நியூட்டன். அந்த போல்ட்டு நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை சுமார் 21,200 நியூட்டன். ரெஞ்ச் துல்லியமாகத்தான் கிளிக் செய்தது. போல்ட்டு விளிம்பில் போய் நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் அலுமினிய மரை இருந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது அலுமினியம்தான்.

காப்பர் கிரீஸ், ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) எல்லாம் இதே கதை. ஸ்பார்க் பிளக்கில் இது அடிக்கடி நடக்கிறது. வாஷரோடு வரும் புதிய பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பிளக் தயாரிப்பாளரான என்ஜிகே சொல்லும் அளவுகள்: 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 என்எம், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 14 மி.மீ.க்கு 25 முதல் 30. இவை உலர்ந்த மரைக்கானவை. மரையில் எதுவும் தடவாமல், எஞ்சின் ஆறிய பிறகு, கையால் கடைசி வரை சுற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் ரெஞ்ச்.

அடைத்த துளையில் தேங்கிய ஆயிலும் சத்தமில்லாமல் வேலை கொடுக்கும். கிராங்க் கேஸில் மறுபக்கம் திறக்காத துளையில் ஆயில் நின்றால், போல்ட்டு இறங்கும்போது அது வழியில்லாமல் கேஸை விரிசல் விடவைக்கும். ரெஞ்ச் அந்த எதிர்ப்பையும் இறுக்கமாக எண்ணிக் கிளிக் செய்துவிடும். துணியைச் சுருட்டி அல்லது காற்றடித்துத் துளையை உலர்த்துங்கள். மரை போன இடத்துக்கு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம். அதே மரையில் இன்னும் பெரிய போல்ட்டை அடித்து இறக்கும் வேலைக்குப் போக வேண்டாம்.

அறிகுறி: கிளிக் வந்தும் ஆயில் கசிகிறது, அல்லது நட்டு தளர்கிறது

ரெஞ்சைக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி இது. டிரெயின் போல்ட்டில் கசிவென்றால் வாஷரைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய அலுமினிய, செம்பு வாஷர் இரண்டாவது முறை அதே மாதிரி உட்காராது. புத்தகம் சொன்ன 20இலும் கசிகிறது என்று 30 வைப்பவர்கள் அடுத்த ஆயில் மாற்றத்தில் சம்ப்பையே மாற்ற நேரிடும்.

கவர் ஓரத்தில் கசிந்தால், முடுக்கிய வரிசையைப் பாருங்கள். குறுக்கு வாட்டில், இரண்டு கட்டமாக முடுக்க வேண்டும். முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாவதில் முழு அளவு. முடித்ததும் முதலில் முடுக்கிய போல்ட்டுக்குத் திரும்பி வந்தால், கேஸ்கெட் அமர்ந்து அது தளர்ந்திருப்பது தெரியும்.

தளரும் நட்டு என்றால், அடியில் பெயின்ட், துரு, மண் இருக்கிறதா பாருங்கள். முடுக்கும்போது அவை எதிர்த்துக் கிளிக்கை வரவழைக்கும். ஓட்டும்போது நொறுங்கிப் பிடிப்பைக் காலி செய்யும். ஒருமுறை மட்டுமே பயன்படும் நைலான் நட்டு, பழைய ஸ்பிளிட் பின் இவற்றையும் மாற்றுங்கள். ஆக்ஸிலில் இன்னொரு விஷயம்: புத்தகத்தில் உள்ள எண் பெரும்பாலும் நட்டைச் சுற்றுவதற்கானது. நட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸில் தலையைச் சுற்றினால் ஆக்ஸில் முழு நீளத்துக்கும் ஸ்விங் ஆர்மிலும் பேரிங்கிலும் உரசும். ரெஞ்ச் காட்டும் டார்க்கில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

அறிகுறி: ஒரே ரெஞ்ச், இரண்டு பேர் கையில் இரண்டு அளவு

கைப்பிடியில் ஒரு கோடு அல்லது சொரசொரப்பான பகுதியின் நடு இருக்கும். கை அங்கே இருக்க வேண்டும். கிளிக் ரெஞ்சின் உள்ளே மடங்கும் புள்ளி, சாக்கெட் மாட்டும் சதுர முனைக்கு நேர் கீழே இல்லை. சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம் 40 மி.மீ., கைப்பிடிக் கோடு 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கையை 300 மி.மீ.க்குக் கொண்டுவந்து பிடிக்கும்போது நட்டுக்குப் போகும் டார்க் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடும். குழாய் மாட்டி 700 மி.மீ.யில் இழுத்தால் 4 முதல் 5 சதவீதம் குறையும். ரெஞ்சுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை முழுவதையும் கையே தின்றுவிடுகிறது.

மற்றக் கைப் பிழைகள்: கடைசிப் பகுதியில் வெடுக்கென்று இழுப்பது, உடல் எடையைச் சாய்த்துத் தள்ளுவது, தலையை இன்னொரு கையால் அழுத்தும்போது அந்தக் கையும் சேர்ந்து திருகுவது. கிளிக் வருமுன் கடைசி ஐந்தில் ஒரு பங்கை ஒரே சீராக, நிதானமாக இழுங்கள். நிறுத்தி மறுபடி தொடங்கினால் நின்ற நட்டின் உராய்வு குறுக்கே வரும். அந்த நட்டைத் தளர்த்தி மீண்டும் தொடங்குவதே சரி.

நேரான எக்ஸ்டென்ஷன் கம்பி அளவை மாற்றாது. ரெஞ்சைச் சாய்க்காமல் பிடித்தால் போதும். ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் கிரோஃபுட் (சாக்கெட்டுக்குப் பதில் மாட்டும் திறந்த வாய் ஸ்பேனர் தலை) மாட்டினால்தான் கணக்கு வரும். வைக்க வேண்டிய எண் = வேண்டிய டார்க் × ரெஞ்ச் நீளம் ÷ (ரெஞ்ச் நீளம் + கிரோஃபுட் நீளம்). 400 மி.மீ. ரெஞ்சில் 50 மி.மீ. கிரோஃபுட் நேராக மாட்டி 45 என்எம் வேண்டுமென்றால் 40இல் வையுங்கள். கிரோஃபுட்டைச் செங்குத்தாக 90 டிகிரியில் மாட்டினால் எந்தத் திருத்தமும் தேவையில்லை. இடம் இருந்தால் அதுவே எளிது.

அறிகுறி: இரண்டு ரெஞ்ச் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

ஐ.எஸ்.ஓ. 6789 படி கிளிக் ரெஞ்சுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை, 10 என்எம்முக்கு மேற்பட்ட உச்ச அளவு கொண்டவற்றில் கூட்டல் கழித்தல் 4 சதவீதம். 10 என்எம் வரையிலானவற்றில் 6 சதவீதம். ஒன்று 4 கூட, மற்றது 4 குறைய இருந்தால் 8 சதவீத வித்தியாசத்திலும் இரண்டுமே தேறியவைதான். அதற்குமேல் வித்தியாசம் வந்தால், எது பொய் சொல்கிறது என்பதை எடை தொங்கவிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

வைஸில் ஒரு போல்ட்டைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். தலை உங்களைப் பார்த்திருக்கட்டும். சாக்கெட் மாட்டி, ரெஞ்சின் கைப்பிடி வலப்பக்கம் கிடையாக நிற்குமாறு ராட்செட் பல்லைத் தேர்ந்தெடுங்கள். கீழ்நோக்கிய எடை அப்போது வலச்சுற்றாக வேலை செய்யும். சதுர முனையின் நடுவிலிருந்து கைப்பிடிக் கோடு வரை அளந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டில் உறுதியான கயிற்றால் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, கிளிக் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வாளி, கயிறு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். தெருமுனை மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசு போதும்.

ரெஞ்சின் சொந்த எடையை மறந்துவிட்டால் கணக்கு தப்பும். ரெஞ்சை விரலில் நிறுத்தி, சமநிலை வரும் இடம் சதுர முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எடுத்துக்காட்டு: ரெஞ்ச் 1.2 கிலோ, சமநிலை 0.18 மீட்டரில். பெங்களூரில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78, பாடப்புத்தகத்தின் 9.81 போட்டாலும் இந்த வேலைக்குக் குடி முழுகாது. 1.2 × 9.78 × 0.18 = 2.1 என்எம். ரெஞ்சை 40 என்எம்மில் வைத்திருந்தால் மீதி 37.9 என்எம்மை வாளி தர வேண்டும். கைப்பிடிக் கோடு 0.40 மீட்டரில் என்றால் 37.9 ÷ (9.78 × 0.40) = 9.7 கிலோ. 4 சதவீத எல்லைக்குள் இருக்க வாளி 9.3 முதல் 10.1 கிலோவுக்குள் கிளிக் செய்ய வேண்டும்.

ஐந்து முறை செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, சிதறலை. 9.6, 9.7, 9.7, 9.8, 9.6 என்று வந்தால் நல்ல ரெஞ்ச். ஐந்து முறையும் 11.2 பக்கத்திலேயே வந்தால், 40 என்று வைத்தபோது உண்மையில் 46 என்எம்மில் கிளிக் செய்கிறது. 15 சதவீதம் கூடுதல். ஆனாலும் அது ஒரே பொய்யைச் சொல்கிறது, திருத்திவிடலாம். 8.9, 10.6, 9.3, 10.1 என்று வந்தால் சராசரி 9.7 என்று அழகாக வரும். அந்த ரெஞ்சை எந்த அளவீட்டுக்கூடமும் திருத்தித் தர முடியாது. சராசரி சரியாக வந்ததைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

ஒரே அளவில் மட்டும் சோதித்து நிறுத்த வேண்டாம். 25இலும் 80இலும் செய்யுங்கள். கீழே சரி, மேலே தப்பு என்பதும் சகஜம். கிளிக் வரும்போது ரெஞ்ச் கிடையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி சாய்ந்தால் 1.5 சதவீதமும் 15 டிகிரி சாய்ந்தால் 3.4 சதவீதமும் தவறும்.

வாளி வைக்க இடமில்லாத அடுக்குமாடி பார்க்கிங்கில் பயணப்பெட்டி எடை பார்க்கும் கையடக்கத் தராசு உதவும். போல்ட்டை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, ரெஞ்சைக் கிடையாகச் சுழலவிட்டு, கோட்டிலிருந்து செங்கோணத்தில் இழுத்தால் ரெஞ்சின் எடை கணக்கில் வராது. 40 என்எம்முக்கு 10.2 கிலோ. எண் கிளிக்கில் தாவிவிடுவதால் செல்போனில் தராசைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தராசையே முதலில் மளிகைக் கடையில் எடை போட்ட ஒரு மூட்டையை வைத்துச் சரிபார்ப்பது அவசியம். எந்த முறையிலும் வீட்டுச் சோதனை 2 சதவீதம் அளவுக்குத் தானே தவறும். ஆகவே 6 சதவீதத்துக்குமேல் தவறு வந்தால் உறுதியாகச் சந்தேகப்படுங்கள். 3 சதவீதத்துக்காக ரெஞ்சின் திருத்து ஸ்குருவைத் திருகப் போகாதீர்கள்.

பீம், டிஜிட்டல் வகைகளில்

முள் காட்டும் பீம் ரெஞ்சில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் இல்லையென்றால் முள்ளை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். நேர் மேலிருந்து படிக்க வேண்டும்; பக்கவாட்டில் பார்த்தால் தவறும். கிளிக் ரெஞ்சைச் சரிபார்க்க வீட்டில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

டிஜிட்டலில் முதல் சந்தேகம் பேட்டரி, இரண்டாவது பூஜ்யம். கையில் பிடித்தபடி ஆன் செய்தால் அந்தப் பிடியின் பலத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. தரையில் வைத்து ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் கேட்டும் கை நிற்காமல் போய்விடுவது இதில் அதிகம். உச்ச அளவு காட்டும் முறையில் வைத்து, எவ்வளவு தாண்டினீர்கள் என்று பாருங்கள்.

எஸ்.பி. ரோட்டிலோ ஜே.சி. ரோட்டிலோ வாங்கும்போது

கடைக்காரர் ‘சர்டிபிகேட் இருக்குண்ணா’ என்று பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுவார். அதில் மூன்றைப் பாருங்கள். தாளில் உள்ள சீரியல் நம்பர் ரெஞ்சின் உடம்பில் பொறித்த நம்பரா? மூன்று புள்ளிகளிலும் தனித்தனி அளவுகள் எழுதியிருக்கிறதா, அல்லது வெறும் ‘தேர்ச்சி’ முத்திரையா? இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலும் அதே அளவுகள் தசமப் புள்ளி மாறாமல் இருந்தால் அது அச்சகத்தில் எழுதிய சர்டிபிகேட். பிழை ‘அளவில் 4 சதவீதமா’, ‘உச்ச அளவில் 4 சதவீதமா’ என்பதையும் கேளுங்கள். 100 என்எம் ரெஞ்சில் உச்ச அளவில் 4 சதவீதம் என்றால் எங்கும் 4 என்எம் தவறலாம். 20 வைக்கும்போது அது 20 சதவீதம்.

பிறகு கையில் எடுங்கள். சதுர முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை தளதளவென்று ஆடக் கூடாது. கைப்பிடியை ஏற்றி இறக்கும்போது சுழற்சி ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் கரகரக்கக் கூடாது. பூட்டு வளையம் போட்டபின் கைப்பிடி நகரக் கூடாது. கீழ் எண்ணில் வைத்தால் சுற்றுக்கோடு, நேர்க்கோடு இரண்டும் பொருந்த வேண்டும்; அரைக்கோடு தள்ளி நின்றால் அந்தத் தவறு எல்லா அளவிலும் கூடவே வரும். ராட்செட் பல் குறைவாக இருந்தால் எஞ்சின் ஓரத்து இடுக்குகளில் சுற்ற இடம் கிடைக்காது, அவ்வளவுதான். துல்லியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பளபளப்பும் பெட்டியின் கனமும் எதையும் நிரூபிப்பதில்லை.

அளவீட்டுக்கூடத்துக்கு எப்போது

ஐ.எஸ்.ஓ. 6789 சொல்லும் பொது இடைவெளி 12 மாதம் அல்லது 5,000 கிளிக், எது முதலில் வருகிறதோ அது. வீட்டு உபயோகத்தில் 5,000 வருவது அரிது. கீழே விழுந்தாலோ, யாராவது நட்டைக் கழற்ற அதையே பயன்படுத்திவிட்டாலோ, வாளிச் சோதனையில் சீரான தவறு தெரிந்தாலோ காலத்தைப் பார்க்காமல் அனுப்புங்கள். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் அளவீட்டுக்கூடங்கள் உண்டு. என்ஏபிஎல் (அளவீட்டு, சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்தில் டார்க் அளவீடு உங்கள் ரெஞ்சின் எல்லைக்குச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நீள அளவீட்டுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற கூடம் டார்க்குக்குத் தரும் தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது.

கொடுக்கும்போதே ‘திருத்துமுன் அளவு, திருத்தியபின் அளவு இரண்டும் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். திருத்துமுன் அளவு இருந்தால்தான் இதுவரை முடுக்கிய போல்ட்டுகளில் எதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று தெரியும். அது 10 சதவீதம் குறைவு என்று வந்தால் பிரேக் காலிப்பர், ஆக்ஸில், ஸ்பிராக்கெட் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள். 10 சதவீதம் கூடுதல் என்று வந்தால் எஞ்சின் கவரின் எம்6 போல்ட்டுகளையும் டிரெயின் போல்ட்டையும் அடுத்த சர்வீஸில் கழற்றும்போது மரையைப் பாருங்கள்.

சிதறல் உள்ள மலிவு ரெஞ்சுக்கு அளவீட்டுச் செலவு செய்யாதீர்கள். அதை ராட்செட்டாக வைத்துக்கொண்டு, கைப்பிடியில் ‘அளவுக்கு அல்ல’ என்று பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். இரவல் வாங்குபவர் நம்பிவிடக் கூடாது.